பதினாறுக்கு மேல் வேண்டாம்

முந்நூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகளிடம் எந்த வகை இரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று கேட்டு வரும் புரோகிராமை முதலில் எழுதியவன் அண்ணன். அது ஒரு மருத்துவமனையைக் கேட்கும், பதில் வரும்வரை வாய் பிளந்து நிற்கும், பிறகுதான் அடுத்தது. ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். அதற்குள் இருந்த பையும் வேறு யாருக்கோ போயிருக்கும்.

அதே அலுவலகத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு வந்த தங்கை அதை அடியோடு மாற்றினாள். ஒவ்வொரு கேள்வியும் தனித்தனி ஃபங்ஷன். கொடுத்ததை வாங்கிக்கொண்டு விடையைத் தரும், வெளியே எதையும் தொடாது. ஒன்றின் வேலையில் இன்னொன்று மூக்கை நுழைக்காததால், பலவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் குழப்பமில்லை. ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே ஒரு கிழட்டு சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். அது மிரளாதிருக்க, ஒரு நேரத்தில் பதினாறு கேள்விதான் என்று வரம்பு வைத்தாள். சுற்று இரண்டரை நிமிடத்தில் முடிந்தது.

இன்று மேலாளரிடம் ஓட்டிக் காட்டினால் அவள் வேலை நிரந்தரம். காலையில் சாப்பாட்டு மேசையில் அண்ணன் அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டான். "நீ போய்க் குளி. நான் ஒரு தடவை பாத்துடறேன்." கூடப் பிறந்தவன்தானே என்று விட்டுப் போனாள்.

"என்னோட ஐடியா மேடம்," என்று கூட்டத்தில் ஆரம்பித்தான் அந்த மகராசன். "பத்தே செகண்ட், பாருங்க."

பத்தா? இரண்டரை நிமிடமல்லவா ஆகும்?

எண்கள் மூன்று வினாடி பொழிந்தன. பிறகு திரை முழுக்கச் சிவப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒரேயடியாகப் பாய்ந்ததில், யாரோ தாக்குகிறார்கள் என்று பயந்த சர்வர் கதவைச் சாத்திவிட்டது.

"யார் பண்ண வேலை இது?" என்றார் மேலாளர்.

"தங்கச்சி எழுதினது மேடம். அனுபவம் பத்தல."

புரோகிராமில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று காட்டும் பதிவேட்டை அவள் திறந்தாள். வரம்பு நீக்கப்பட்ட நேரம் காலை 7:42. நீக்கியவர் பெயர், அவளுடையது. அவளுடைய லேப்டாப் ஆயிற்றே.

"அப்ப நான் குளிச்சிட்டிருந்தேன். அண்ணே, நீதானே லேப்டாப்ப வச்சிருந்தே? சொல்லு."

"வீட்டுக் கதையெல்லாம் இங்க எதுக்கு? நான் அதைத் தொடவே இல்ல."

கண்ணைப் பார்த்துச் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது. கையெழுத்தாகாத பணி நிரந்தர உத்தரவோடு மேலாளர் எழுந்து போனார்.

சர்வர் மறுபடி திறக்க மதியமாயிற்று. வரம்பைத் திரும்ப வைத்து அவள் தனியாக ஓட்டினாள். இரண்டரை நிமிடம், முந்நூற்றுப் பன்னிரண்டு பதில். பார்க்க அறையில் ஒருவரும் இல்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் காத்திருந்தான். "பதினாற எடுத்தா இன்னும் வேகமா ஓடும்னு நெனச்சேன். தப்புதான். வேற வேலை வாங்கித் தர்றேன், ஏறு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

உண்மையைச் சொல்லிவிட்டான், கேட்க வேறு ஆளில்லாத இடமாகப் பார்த்து.

அவள் ஏறவில்லை.