காற்றுக்குப் பயந்த வீடு

அடுப்பின் காற்றுத் திறப்பை முழுக்க இழுத்துவிட்டும் தீ பிடிக்க மறுத்தது. என் புருஷன் மிலோவான் சாம்பலை வாரினான், புகைக்குழாயைத் தட்டினான், அடுப்புக் கதவைத் திறந்தான். குப்பென்று புகை அறைக்குள் வந்தது.

"விறகு ஈரம்," என்றான்.

"போன வருஷம் வெட்டினது. எப்படி ஈரமாகும்?"

மறுபடியும் அடுப்பைக் கிளறினான். தன் கைவேலையில் குறை இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

எங்கள் நேதா பிறந்து மூன்று வாரம். ஸ்லாதிபோர் மலைப் பக்கம் நாற்பது நாள் ஆகும்வரை குழந்தையை வாசல் தாண்ட விடமாட்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் குளிரைவிட, வீட்டுக்குள் குறுக்கே ஓடும் காற்று என்றால்தான் நடுக்கம். காது போகும், கழுத்து பிடிக்கும், உயிரே போகும் என்பார்கள். மாமியார் ஸ்தோயன்கா சொன்னபடி மிலோவான் ஜன்னல் இடுக்கெல்லாம் நாடா ஒட்டியிருந்தான். சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சு. முட்டைக்கோஸ் வேகும் நாற்றம் போக, புதிதாக மாட்டிய விசிறி காலையிலிருந்து காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தலை வலித்தது. பால் கொடுக்க நேதாவைத் தூக்கினேன். கண் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுரண்டினேன். தலை துவண்டு என் கையில் சரிந்தது.

"அத்தை, குழந்தை முழிக்கலை."

"தூங்குற பிள்ளையை ஏன் எழுப்புறே? எனக்கே தலையைச் சுத்திக்கிட்டு வருது," என்றார்.

அதைக் கேட்டதும்தான் பொறி தட்டியது. தீக்குக் காற்று இல்லை, எங்களுக்கும் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் விசிறி இழுக்க, அடுப்புப் புகை குழாயில் ஏறாமல் எங்களிடமே திரும்பிக்கொண்டிருந்தது.

குழந்தையைச் சால்வையில் சுருட்டி வாசலுக்கு ஓடினேன். மாமியார் குறுக்கே நின்றார்.

"பைத்தியமாடி உனக்கு? வெளியே பனி கொட்டுது. நாப்பது ஆகலை."

"தள்ளுங்க அத்தை. மிலோவான், நீயும் வா. இது வெறும் புகையில்லை, விஷம்."

தோளால் இடித்துத் தள்ளினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பனியில் இறங்கினேன். நேதா அசையவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குளிர் முகத்தில் பட்டதும் அவள் உதடு கோணியது. பிறகு வீறிட்டாள். நானும் சேர்ந்து அழுதேன்.

மிலோவான் இருமிக்கொண்டே வெளியே வந்தான். திறந்த வாசல் வழியே காற்று பாய, அடுப்பில் தீ ஹோவென்று எரிவது வெளியே வரை கேட்டது. கதவு மெல்ல மூடப் பார்த்தது. அதற்குள் மாமியாரும் வாசலுக்கு வந்துவிட்டார். தள்ளாடியபடி குனிந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்தார்.