குளவி கொண்டுவந்த புழு

வலியசாலைத் தெருவில் ஒரு வீட்டுக்குள் குளவி கூடு கட்டிவிட்டால் போதும், அந்த வீட்டு மருமகளின் வயிற்றை வருவோர் போவோரெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார்கள். குளவி மண் எடுத்து வந்தால் பின்னாலேயே குழந்தை வரும் என்பது அங்கே நம்பிக்கை. இந்த வாரம் அந்தப் பார்வையெல்லாம் சுப்ரியாவின் மேல்.

கூடத்து ஜன்னல் சட்டத்தில் சின்னக் குடம் போல ஒட்டியிருந்தது கூடு. அதைப் பார்த்த நாளிலிருந்து மாமியார் வாலாம்பாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கொஞ்சம் பொறுடீ. பகவானே சூசனை காட்டியாச்சு. ஆத்துலயே பிறக்கப் போறச்சே வெளியில எதுக்குத் தேடணும்?"

இனி பொறுக்க சுப்ரியாவால் முடியாது. ஊசியும் ஸ்கேனும் ஆஸ்பத்திரி வராந்தாவும் போதும் என்று அவளும் மஹேஷும் தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தார்கள். இன்று மதியம் வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார். வீட்டுப் பெரியவர்களிடமும் பேசுவார். வாலாம்பாள் முகத்தைச் சுளித்தால் காரியம் தள்ளிப்போகும். ஒருவேளை கெட்டே போகும்.

காபி டம்ளரோடு வாலாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது குளவி வந்தது. காலிடுக்கில் ஒரு பச்சைப் புழு. கூட்டின் வாயில் அதைத் தலைகீழாகத் திணித்துவிட்டு மறுபடி பறந்தது. வாலாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சுப்ரியா, இங்க வா. இத்தனை நாள் எனக்குத் தோணாமப் போச்சு பாரு. எங்கேயோ கிடந்த புழுவைக் கொண்டுவந்து, கொட்டிக் கொட்டி, காதுகிட்ட ரீங்காரம் பண்ணி, தன்னை மாதிரியே குளவியாக்கிடறதே அது! வர குழந்தையை நாமளும் அப்படி ஆக்கிட்டாப் போறது."

சுப்ரியா ஓடி வந்தாள். "அப்படின்னா சம்மதமாம்மா?"

"சம்மதந்தான். ஆனா ஒருத்தருக்கும் தெரியப்பிடாது. நீ கொஞ்ச நாள் உங்கம்மா ஆத்துல போய் இரு. திரும்பறச்சே குழந்தையோட வா. பெத்தேன்னு சொல்லு. அதுகிட்டயும் அதேதான் சொல்லணும், கேட்டியோ. வளர வளர நம்மளா ஆயிடும்."

சமையலறை வாசலில் நின்ற மஹேஷ், சரியென்று சொல்லிவிடு என்பதுபோல் கண்ணைக் காட்டினான். ஒரு வார்த்தை போதும். மதியம் எல்லாம் சுபமாக முடியும்.

சுப்ரியா பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

"அந்தப் புழு குளவியாறதில்லைம்மா."

"பின்னே?"

"குளவி கொட்டினதும் புழுவால அசைய முடியாது. உயிரோட உள்ளே கிடக்கும். முட்டையிலேர்ந்து வர குளவிக்குஞ்சு அதைத் தின்னுதான் வளரும். வெளியில வரது குளவி பெத்த குளவி. புழு இருந்த இடமே தெரியாது."

"ஐயோ! அப்போ அது மகாபாபம் அல்லே?"

"பாபமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அது தன் குழந்தைக்குச் சாதம் போடறது. அது புழுவைத் தூக்கிண்டு போறதாலதான் மாடியில உங்க முளைக்கீரை ஓட்டை விழாம நிக்கறது."

மஹேஷ் பக்கத்தில் வந்து முணுமுணுத்தான். "இப்போ எதுக்குடீ சயின்ஸ் கிளாஸ்? அம்மாவே இறங்கி வந்துட்டா."

"எதை நம்பி இறங்கி வந்தா? அந்தக் குழந்தையை இல்லாம ஆக்கிடலாம்னு நம்பி." சுப்ரியாவின் குரல் உயர்ந்தது. "அது எங்கே பிறந்ததோ அங்கே பிறந்ததாவே இந்த ஆத்துக்குள்ள வரட்டும். நான் ஒளிச்சு வெச்சுக்கவும் மாட்டேன், கொட்டிக் கொட்டி மாத்தவும் மாட்டேன்."

"தெருவில நாலு பேர் நாலு விதமாப் பேசுவா!"

"பேசட்டும். நானும் பேசுவேன். எனக்கும் வாய் இருக்கு."

வாலாம்பாள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் வரை அது திறக்கவில்லை.

அதிகாரி ராகேல் பாறசாலைக்காரி. மலையாளம் கலந்த தமிழில் பேசினாள். அறைகளைப் பார்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவள் நேராகவே கேட்டாள்: "வீட்டுல அம்மைக்கு இஷ்டமில்லேன்னா என்ன செய்வீங்க?"

மஹேஷ் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். "வேற வீடு பாப்போம் மேடம். குழந்தை வரும்."

சுப்ரியா திகைத்துப்போய் அவன் கையைப் பற்றிக்கொண்டாள். அறைக் கதவு படாரென்று திறந்தது.

"வேற வீடா? எவன்டா வேற வீடு பாக்கறவன்?" வாலாம்பாள் வந்து ராகேலின் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்கோ. பிறந்த கதையைக் குழந்தைகிட்ட சொல்லியே தீருவேங்கறா இவ. உங்க சட்டம் அப்படியா, இல்லை இவ அதிகப்பிரசங்கமா?"

"மறைக்காம சொல்லணும்னுதான் அம்மா, நாங்களும் பறயுறது."

வாலாம்பாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சுப்ரியா தலை குனியவில்லை.

"சரி, எழுதிக்கோங்கோ. எனக்குச் சம்மதம். ஆனா தெருவுக்கு நான்தான் சொல்லுவேன். கேக்கறவா வாயை மூட வைக்க எனக்குத் தெரியும். இவளை விட்டா ஒவ்வொரு ஆத்து வாசல்லயும் பாடம் எடுத்துண்டு நிப்பா."