ஊதாத வால்வுகள்

சலவை ஆலையில் எல்லோரும் அவளை பாய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த மேலாளருக்கும் அவள் அக்காதான். மூட்டை மூட்டையாக வரும் போர்வைகளும் திரைச்சீலைகளும் வெந்து வெளுக்கிற அந்த ஆலையில் நீராவி அவள் பொறுப்பு. அவள் கைபட்ட பாய்லர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவளுடைய தம்பிக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. பழைய டீசல் வேன் ஒன்றை நீராவியில் ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை அவன் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எஞ்சின் என் பாடு, ஆவி உன் பாடு அக்கா. நீ இல்லாம நான் தீக்குச்சிகூடக் கிழிக்க மாட்டேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் ஒப்புக்கொண்டாள்.

தம்பி கெட்டிக்காரன். டீசல் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை கீழே இறங்கினால் ஒரு முறைதான் அதற்குப் பின்னால் தள்ளுவிசை இருக்கும். நீராவிக்கு ஒவ்வொரு முறையும் தள்ளியாக வேண்டும். அதற்காக வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையே அவன் புதிதாகக் கடைந்தான். முதல் சோதனை ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் போல வெளுத்தபோது, அடியில் குழாய் வைத்து அதை வடிக்க வழி செய்தான். வேனின் பின்பக்கத்தில் பாய்லர். அதற்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு, தகட்டில் கையகல ஜன்னல். பாய்லர் பக்கத்துப் பலகையில் அக்கா. அவளுக்கு உதவியாகத் தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டு அவள் கணவர். அவர் தையல்காரர். இயந்திரம் என்றால் தையல் மெஷினைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆனாலும் ஒரு ஓட்டத்தையும் அவர் விட்டதில்லை.

அக்கா போட்ட நிபந்தனைகளுக்குத் தம்பி தலையாட்டினான். முதலில் பாய்லரில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, ஓடப்போகும் அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்த்தாள். தண்ணீர் என்றால் விரிசல் விட்டாலும் ஒழுகும், அவ்வளவுதான். ஆவி அப்படி இல்லை, ஆளைக் கொண்டுபோய்விடும். பிறகு இரண்டு சேஃப்டி வால்வு. அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் பத்தைத் தொட்டால் இரண்டும் தானாகத் திறந்து ஊத வேண்டும். ஒன்று ஏமாற்றினாலும் மற்றது காப்பாற்றும். யாரும் ஸ்பிரிங்கைத் திருகிவிடக் கூடாது என்று இரண்டுக்கும் கம்பி கோத்து, ஈயக் குண்டு வைத்து, தன் அடையாளம் பொறித்த குறட்டால் முத்திரை குத்தினாள்.

சிக்கல் மேட்டில் வந்தது. ஏற்றத்தில் வேன் திணறும். அழுத்தம் கூடும் நேரம் பார்த்து வால்வுகள் ஊதி, பலம் எல்லாம் காற்றில் போகும்.

"பத்து போதாதுக்கா. பதினாலு வெச்சுக்கலாம்."

"பாய்லர் பத்துக்குச் செஞ்சதுடா. வேணும்னா பெருசா ஒண்ணு செய்வோம்."

"அதுக்கெல்லாம் எங்கே நேரம்? பணம் போடறேன்னு சொன்ன பஸ் முதலாளி இந்த வாரமே பார்க்க வர்றார்."

"வரட்டும். மெதுவா ஏறினா அவர் என்ன கரைஞ்சா போயிடுவார்?"

தம்பி சிரித்தான். அவன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றே அவள் நினைத்தாள்.

முதலாளி வந்த அன்று காலை கணவர் வண்டியில் ஏறவில்லை. "எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு. நான் பட்டறையிலேயே இருக்கேன்" என்றார்.

"வெந்நீர் குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் தனியாகப் பின்னால் ஏறிக்கொண்டாள். முதலாளி முன்னால், தம்பியின் பக்கத்தில்.

பாதி மேட்டில் மீட்டர் முள் பத்தைத் தாண்டியது. சத்தமே இல்லை. மீட்டர்தான் பொய் சொல்கிறதோ என்று தட்டிப் பார்த்தாள். முள் மேலேதான் போனது. வால்வின் கைப்பிடியைத் தூக்கினாள். அசையவில்லை. மற்றதையும் இழுத்தாள். அதுவும் கல்லாக இருந்தது. குழாயில் பட்டு மணிக்கட்டு வெந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. பர்னருக்குப் போகும் எண்ணெயை மூடினாள். உள்ளே இருந்த சூட்டுக்கு முள் இன்னும் ஏறியது.

வண்டி நின்றால் ஆவிக்குப் போக வழியில்லை. ஜன்னலில் அடித்தாள்.

"நிறுத்தாதே! ஏறிக்கிட்டே இரு!"

தம்பி திரும்பிப் பார்க்காமலே கத்தினான். "பயப்படாதேக்கா! பதினாலுல ஊதிடும்!"

வால்வைப் பற்றியோ பதினாலைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

முள் பதினாலையும் கடந்தது. வால்வுகள் ஊதவில்லை. அவள் அந்தப் பாய்லருக்கு முதுகைக் காட்டாமல், தண்ணீர் மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதித்துவிடலாம். ஆனால் முன்னால் இரண்டு உயிர் இருந்தது, அதில் ஒன்று தம்பி. எஞ்சின் ஆவியைக் குடித்துக் குடித்து மேட்டின் உச்சியைத் தொட்டபோது முள் மெல்லத் தயங்கி, இறங்கத் தொடங்கியது.

முதலாளி கைதட்டிக்கொண்டே இறங்கினார். "பிரமாதம்! ஒரு சத்தம்கூட இல்லாம ஏறிடுச்சே!"



ஆவி முழுக்க அடங்கிய பிறகு, பட்டறையில் வைத்து அவள் வால்வுகளைக் கழற்றினாள். ஸ்பிரிங்குக்கு மேல் தடித்த வாஷர்கள் செருகியிருந்தன. பதினாலுக்கு வைப்பதாக நினைத்துத் தம்பி இறுக்கியதில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், திறக்க இம்மியளவு இடமில்லை. முத்திரைகள் மட்டும் பத்திரமாக இருந்தன. அவளுடைய அடையாளத்தோடு.

"என் குறடு வீட்டு அலமாரியில இருக்கு. உனக்கு எப்படிடா வந்துச்சு?"

தம்பி தரையைப் பார்த்தான். "மாமாகிட்ட கேட்டேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். வயிற்று வலிக்காரர் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெள்ளைத் துணியாக வெளுத்திருந்தது.

"கொஞ்சம்தானே கூட வைக்கிறான்னு நினைச்சேன்" என்றார். "உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டேன்னு தம்பி கெஞ்சினான்."

"அக்கா, அந்த மேட்டுல மட்டும் மானம் போகாம இருந்தா போதும்னுதான்…"

"உன் மானம் முன் சீட்டுல உட்கார்ந்திருந்துச்சு. நான் எங்கேடா உட்கார்ந்திருந்தேன்?"

அவள் துளை போடும் மெஷினை எடுத்தாள். பாய்லரின் வயிற்றில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதன் பக்கத்தில் இன்னொன்று. இனி யாரும் அதில் தீ மூட்ட முடியாது. தம்பி தடுக்கவில்லை. இத்தனை மாத உழைப்பு சுருள் சுருளாகத் தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணைத் துடைத்தான். அழுகிற தம்பியைச் சமாதானப்படுத்தாமல் அவள் வெளியேறியது அதுவே முதல் தடவை.

வீட்டில் கணவர் அவள் மணிக்கட்டுக்கு மருந்து தடவ வந்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தடவி முடிக்கும்வரை இருந்தாள்.

"குறட்டைக் கொடுத்ததை விடுங்க. வண்டியில ஏற வேண்டாம்னு உங்களுக்கு எப்போ தோணுச்சு?"

விரலில் ஒட்டிய மருந்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "காலையில. எழுந்ததும்."

"அப்போ நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார்.

தம்பி வேனை மீண்டும் டீசலுக்கே மாற்றிவிட்டான். வீட்டு விசேஷங்களில் அக்கா அவனோடு பேசுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள். திரும்பும்போது அவன் வண்டிக் கதவைத் திறந்து நின்றால், "நீ கிளம்பு, நான் பஸ்ல வர்றேன்" என்பாள். கணவரும் அவளோடு பஸ்ஸில் ஏறுவார். பக்கத்தில் இடம் இருந்தாலும், அவள் தலையசைக்கும்வரை உட்காராமல் நின்றுகொண்டே வருவார். சில நாள் அவள் தலையசைப்பாள். சில நாள் இறங்கும் இடம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.