வேலைக்கு வந்த மூன்று விரல்கள்

2023 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனையில் நாகேந்திரத்தின் அச்சகத்துக் கட்டிங் மெசினில் துண்டான சாரங்கனின் மூன்று விரல்களும் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தன. ஆட்காட்டி விரல் சுவரில் ஏறி, வரவு பதியும் மெசினில் தன்னை அழுத்தியது. மெசின் வழக்கம்போலப் பெண்குரலில் "தேங்க் யூ" என்றது. பிறகு மூன்றும் புழுவைப்போல் மடங்கி நிமிர்ந்து மேசைக்குப் போய், முதல்நாள் பாதியில் நின்ற கலியாண அழைப்பிதழ்களை ஓரம் தட்டி அடுக்கத் தொடங்கின. அன்று எண்ணூறு அட்டை வெட்டி முடிந்தது. விரல்களுக்கு உரியவன் அந்நேரம் ஆஸ்பத்திரியில் வலது கையை ஒரு கம்பியில் தொங்கவிட்டபடி படுத்திருந்தான்.

முதலாளி நாகேந்திரம் பெரிய மனிதர். கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் மூன்று தகட்டிலும் தன் பெயரை எழுதுவித்துத்தான் கொடுப்பார். விசிறி சுற்றும்போது பெயரை வாசிக்க முடியவில்லை என்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே துயரம். தோடம்பழப் பையோடும் படம் எடுக்க ஓர் ஆளோடும் ஆஸ்பத்திரிக்கு வந்து, தொழிலாளர் எல்லாரும் தன் பிள்ளைகள் என்று வார்டுக்கே கேட்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை நட்டஈடு கேட்டுப் போனபோது வரவுக் கொப்பியை விரித்துக் காட்டினார்.

"என்ன நட்டம், தம்பி? நீர் ஒரு நாள்கூட லீவு எடுக்கேல்லையே. அந்த மெசின் பொய் சொல்லுமோ?"

சொன்ன சொல் தவறாதவர் என்று பெயரெடுத்தவர் அல்லவா? பத்து விரலுக்குக் கொடுத்த சம்பளத்தில் மூன்று விரலுக்கு உரிய பங்கை மாதாமாதம் ஒழுங்காகச் சாரங்கனின் வங்கிக் கணக்கில் போட்டுவந்தார்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மேல்மாடியில், சாரங்கனுக்குச் சும்மா இருக்கவும் முடியவில்லை. விரல்கள் அங்கே தொட்டதெல்லாம் இங்கே தெரிந்தது. வழுவழுப்பான தாள் என்றால் கலியாணம், முரட்டுத் தாள் என்றால் செத்தவர் நினைவாக அடிக்கும் அந்தியேட்டி மலர். ஆவணியில் கலியாணங்கள் கூடியபோது இல்லாத விரல்கள் வியர்த்து நொந்தன. அதையும் பொறுக்கலாம். மெசினின் கத்தி இறங்கும் ஒவ்வொரு தடவையும், மிச்சமாய் இருப்பதும் போய்விடுமோ என்று அவனுடைய உடம்பு தூக்கிப்போட்டது. தேத்தண்ணிக் கோப்பைகள் நாலு உடைந்தன. மருத்துவச் சபையின் டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிரந்தர இழப்பு என்ற கட்டத்துக்கு நேரே, 'விரல்கள் கையில் இல்லை; பணியில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஒரு வரியோடு கோப்பு நின்றுவிட்டது. இழப்பு என்று யாராவது ஒப்புக்கொள்ளாவிட்டால் நட்டஈடு கிடையாது; கோரிக்கைக்குரிய காலக்கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. மனைவி நிஷாந்தினி தைக்கும் சாரிச்சட்டைகளில் அரிசி வந்தது, வாடகை வரவில்லை.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் அவர்கள் பிடித்த சட்டத்தரணியின் பெயர் பரராஜசேகரம். பெயருக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த பட்டங்கள் பெயர்ப்பலகையில் அடங்காமல் பக்கத்துச் சட்டத்தரணியின் சுவருக்கும் கொஞ்சம் போயிருந்தன. அவர் எதையும் உடனே சொல்வதில்லை. கண்ணை மூடி, லத்தீனில் ஒரு வாக்கியம் சொல்லி, கண்ணைத் திறந்து, அடுத்த மாதம் வரச் சொல்வார். ஒன்பது மாதம் ஒன்பது லத்தீன் வாக்கியங்களோடு போயிற்று. 2024 ஜூலையில், அவர் பத்தாவது வாக்கியத்துக்காகக் கண்ணை மூடியிருந்தபோது, நிஷாந்தினி அவருடைய தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள்.

"ஐயா, அந்தக் கலண்டர் எங்கால?"

"நாகேந்திரம் வருசா வருசம் எல்லாருக்கும் குடுக்கிறவர். ஏன் பிள்ளை?"

"அதில இருக்கிறது இவரின்ரை விரல்."

கலண்டரில் போன வருடத்து ஆயுத பூசைப் படம். நடுவில் பட்டு வேட்டியோடு முதலாளி. அவருக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் பூசிய கட்டிங் மெசின். அதன் முன்னால் ஒரு வெள்ளித் தட்டில், ஸ்குரூட்ரைவருக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் நடுவே, மூன்று விரல்கள் ஆளுக்கொரு பொட்டோடு வரிசையாக நின்றன. சட்டத்தரணி ஏழு மாதமாக அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அழகான படம்தான்," என்றார் அவர். "அதாலை என்ன?"

"ஆயுத பூசையில ஆக்களுக்கோ ஐயா பொட்டு வைக்கிறது?"

பரராஜசேகரம் முதல்தடவையாகக் கண்ணை மூடவில்லை.

விசாரணை நாள் வந்தது. அச்சகத்தில் அன்றும் வேலை. அங்கே கத்தி இறங்க இறங்க இங்கே சாரங்கனின் கதிரை கிரீச்சிட்டது. இன்று தள்ளிப்போனால் காலக்கெடுவுக்குள் இன்னொரு தவணை கிடைக்காது என்று சட்டத்தரணியின் கிளார்க் சொல்லியிருந்தார். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் ஒரு நடுவயதுச் சிங்களப் பெண்மணி; விரல்கள் வேலைக்குப் போவதைக் கேட்டு அவர் வியக்கவில்லை, எத்தனை மணிக்குப் போகின்றன என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். முதலாளியின் பக்கம் வரவுப் பதிவுகளைக் கட்டுக்கட்டாக வைத்தது. விரல்கள் தொழிலாளியுடையவை, தொழிலாளி வேலையில் இருக்கிறார், ஆகவே இழப்பில்லை என்றது. பரராஜசேகரம் எழுந்து, கலண்டரை விரித்து, வேதகாலத்திலிருந்து தொடங்கினார். இருபது நிமிடத்தில் மகாபாரதம் வரைக்கும் வந்திருந்தார். ஆணையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நிஷாந்தினி எழுந்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இந்தப் பொட்டை யார் வைத்தது என்று முதலாளியிடம் கேட்கச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

ஐயர் வைத்தார் என்று சொல்லியிருந்தால் நாகேந்திரம் தப்பியிருப்பார். ஆனால் சபை நிறைய ஆட்கள்.

"ஐயரோ? அவரை நான் கிட்டவும் விடேல்லை! என்ரை கையாலதான் வைச்சனான். முப்பது வருசமா நான்தான் வைக்கிறது."

"உங்கள் தொழிலாளர்களுக்கும் வைப்பீர்களா?" என்று ஆணையாளர் கேட்பித்தார்.

"சே! என்ன கதை கேக்கிறியள்? ஆக்களுக்கு வடையும் சுண்டலும் குடுக்கிறது. பொட்டு, எங்கடை சாமானுக்கு மட்டும்தான்."

அவருடைய சட்டத்தரணி கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆணையாளர் பேனாவைத் திறந்து, மேற்படி விரல்கள் அச்சகத்தின் சொந்தக் கருவிகள் என உரிமையாளரே பகிரங்கமாகப் பூசை செய்து ஒப்புக்கொண்டபடியால், மனுதாரர் அவற்றை நிரந்தரமாக இழந்துவிட்டார் என்று எழுதினார்.

நட்டஈடு கிடைத்தது. வாடகை கட்டி, நிஷாந்தினிக்கு மோட்டர் பூட்டிய தையல் மெசினும் வாங்கினார்கள். பணத்தைப் பெறுமுன், அவ்விரல்களில் தனக்கு எவ்வித உரித்தும் இல்லை, அவற்றை எக்காலத்திலும் தன் வசம் வைத்திருக்கமாட்டேன் என்ற கடதாசியில் சாரங்கன் இடது கையால் ஒப்பமிட வேண்டியிருந்தது. மூன்று எழுத்துத்தான் விழுந்தது. அச்சகத்தின் கணக்காய்வாளர் விரல்களைச் சொத்துப் பட்டியலில் சேர்த்து, வருடத்துக்குப் பத்து வீதம் தேய்மானம் போட்டார். பரராஜசேகரம் அந்தத் தீர்ப்பைச் சட்டம்போட்டு மாட்டி, அதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த பௌர்ணமியில், போயா விடுமுறையன்று காலை பத்து மணிக்கு மேல்மாடிக் கதவின் அடிப்பக்கத்தில் யாரோ தட்டினார்கள். சாரங்கன் திறந்து பார்த்தான். மூன்றும் மை அப்பிக்கொண்டு நின்றன.

"உள்ளுக்கு விடாதேங்கோ!" என்றாள் நிஷாந்தினி. "ஆரும் கண்டால் களவெடுத்ததெண்டு பிடிப்பினம். காசையும் திருப்பிக் கேப்பினம்."

"எனக்குத் தெரியும், நிஷா."

"பிறகென்ன பாக்கிறியள்?"

"நகம் வளந்திட்டுது. அங்க ஆரும் வெட்டிவிடேல்லைப் போல."

அவள் ஒழுங்கையை இருபக்கமும் எட்டிப் பார்த்தாள். கீழ்வீட்டுக்காரர் ரேடியோவில் பௌத்த பிக்குவின் பண ஓதல் கேட்டுக்கொண்டிருந்தார். யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, தரையில் பழைய பேப்பரை விரித்து, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாரங்கன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அன்றைக்கு மெசின் ஓடவில்லை. அவனுடைய உடம்பு அசையாமல் இருந்தது. வெட்டிய நகங்களை அவள் பேப்பரோடு மடித்து, தண்டவாளத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கடலில் போட்டாள். நாலு மணிக்கு விரல்கள் படியிறங்கிப் போயின. அன்றுமுதல் மாதத்துக்கு ஒரு தடவை வருகின்றன. கீழ்வீட்டில் கேட்டால், போயாவுக்கு வாற சொந்தக்காரர் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.