ஈரத்தோடு வந்த மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் துணிச்சல்? இருபத்தாறு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்ட ஓர் அறிக்கைகூடத் தப்பு என்று திரும்பி வந்தது கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு, மறைப்பானேன்.

போன அறுவடை முடிந்ததும் தம்பி எங்கள் நிலத்து மண்ணை மூன்று பைகளில் கொண்டுவந்தான். “அக்கா, மூணு வருஷமா வெளச்சல் படுத்துருச்சு. மண்ணுல உயிர் இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லு” என்றான். நிலத்தை இப்போது அவன்தான் பார்க்கிறான். அதற்கு முன்னால் நாற்பது வருடம் அப்பா பார்த்தார்.

ஈர மண்ணைக் கண்ணாடிச் சாடியில் போட்டு, உள்ளே சின்னக் கிண்ணத்தில் காரக் கரைசல் வைத்து இறுக்கி மூடிவிடுவோம். மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் நம்மைப் போலத்தான், மூச்சு விடும். விட்ட மூச்சைக் கரைசல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை அளந்தால் மண்ணின் உயிர் தெரிந்துவிடும். எங்கள் நிலத்துச் சாடிகளில் மூச்சே இல்லை. அப்படியே எழுதினேன்: ‘நுண்ணுயிர்ச் செயல்பாடு அநேகமாக இல்லை.’ சொந்த நிலம் என்பதற்காக ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

தம்பி அறிக்கையை அப்பா முன்னால் விரித்துப் போட்டுக் கத்தினான். “மருந்து மருந்துன்னு கொட்டுனீங்களே, மண்ணைக் கொன்னுட்டீங்கப்பா! நீங்க பெத்த பொண்ணே எழுதிக் குடுத்திருக்கா, பாருங்க!”

அப்பா என்னைப் பார்த்தார். எழுதினது எழுதினதுதானே என்று விறைப்பாக நின்றேன்.

அதற்குப் பிறகு அப்பா நிலத்துப் பக்கமே போகவில்லை. விடியும் முன்னே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதர், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். “உடம்புக்கு என்னப்பா?” என்று கேட்டால், “கொன்னவனுக்கு என்ன கேடு” என்பார். ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

போன வாரம், வேறு கூடத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அம்மாள் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். “ஏன் மேடம், இந்த மூணு மண்ணையும் ஓவன்ல காய வெச்ச பிறகா மூச்சு பாத்தீங்க?” என்றார் சாதாரணமாக.

“யாரு சொன்னா?” என்று பாய்ந்தேன்.

“நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

என் கையெழுத்துதான். நூற்றைந்து டிகிரி, ஒரு நாள் முழுக்க. ஈரப்பதம் பார்க்கிற மண்ணைத்தான் அப்படிக் காய வைப்போம். உயிர் பார்க்கிற மண்ணை ஈரத்தோடு குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். அது இந்த வேலையில் முதல் நாள் பாடம். பழக்க தோஷத்தில் மண்ணைத் தட்டுகளில் பரப்பி ஓவனுக்குள் தள்ளியிருக்கிறேன். காய்ந்ததைத் திரும்ப நனைத்து, மூச்சு வருமா என்று அளந்திருக்கிறேன். அடிப் பாவி! அப்பா கொல்லவில்லை. நான்தான் பொசுக்கியிருக்கிறேன்.

அன்றே நிலத்துக்குப் போய் நானே மண்ணெடுத்துச் சாடியில் வைத்தேன். மறுநாள் அளந்தேன். மூச்சு இருந்தது. ஏதோ கொஞ்சம் அல்ல, நல்ல மூச்சு. விளைச்சல் குறைந்ததற்கு இனி வேறு காரணம்தான் தேட வேண்டும்.

தம்பியிடம் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். என்னைத் திட்டக்கூட இல்லை. நேரே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். “மன்னிச்சிருங்கப்பா. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“தப்பு என்னோடதுப்பா” என்றேன். “காய வெக்கக் கூடாத மண்ணைக் காய வெச்சிட்டேன். இதோ பதிவேடு. இதோ புது அறிக்கை, பாருங்க.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். காகிதத்தைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

“நீயாவது, தப்பு பண்றதாவது.”

“சத்தியமாப்பா!”

“பொறந்ததுலேருந்து நீ பொய் சொல்லி நான் பாத்ததில்ல. இன்னிக்கு எனக்காகச் சொல்றே. கெழவன் சாப்பிட மாட்டேங்கறானேன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க.” என் தலையைத் தடவினார். “அவ கையில தப்பே வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்காக அந்தப் பேரைக் கெடுத்துக்காதம்மா.”

“ஐயோ, நான்தாம்ப்பா தப்பு! உங்க மண்ணு சாகலப்பா!” கத்தினேனா அழுதேனா தெரியவில்லை. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுரும்மா” என்றார். “யார் கண்லயாவது பட்டா உன் வேலைக்கு ஆபத்து.”