செவந்திக்கான ஒப்பாரி

அந்த வாரம் தொடரில் யாரும் பேசமாட்டார்கள், எல்லாரும் பாடுவார்கள் என்று குற்றாலலிங்கம் அண்ணாச்சி சொன்னபோது கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் விக்கிரமசிங்கபுரத்தில் காஜா முகைதீன் அண்ணாச்சியின் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். அங்கேயே ஜெராக்ஸ் மிஷினும் உண்டு. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 'பதினோராம் மதகு' என்ற பேய்த்தொடரை அப்போது பாபநாசம் பக்கம் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வசனத் தாள்களை நகலெடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். குற்றாலலிங்கம் அண்ணாச்சி உள்ளூர்க்காரர். படப்பிடிப்புக்கு வீடு, வண்டி, சாப்பாடு, ஆள் எல்லாம் அவர் பொறுப்பு.

"இன்ஸ்பெக்டர் பாடுவாரு, போஸ்ட்மேன் பாடுவாரு, டீ ஆத்துதவன்கூட பாட்டாத்தான் பதில் சொல்லுவான்" என்றார். "செவந்தி சாபம் போட்டுட்டா. வாயத் தொறந்தா பாட்டுதான் வரும். பாட்டுல பொய் வராது. அதான் கதை."

"எங்க வீட்டுக்காரி பேசுததுக்கு ராகமும் போட்டா, வே, எனக்குச் சோறு கிடைச்ச மாதிரிதான்" என்றார் காஜா அண்ணாச்சி.

செவந்தி என்பவள் வாய்க்கால் மதகில் பிணமாகக் கிடந்த பெண். யார் கொன்றது என்று ஊருக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாலை ஏழரைக்கு அவள் வந்து யாராவது ஒருவர் வாசலில் நிற்பாள்.

என் அம்மா டி.வி.யில் அதை மட்டும் பார்ப்பாள். செவந்தி வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும். அம்மா முன்னால் நகர்ந்து உட்காருவாள்.

என் அக்காவின் பெயர் உலகம்மை. பாபநாசம் அம்மனின் பெயர். ராதாபுரத்தில் கட்டிக் கொடுத்தோம். பதினான்காவது மாதம், ஸ்டவ் வெடித்துவிட்டது என்று போன் வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் காரில் போனார்கள். அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முற்றம் கழுவி ஈரமாக இருந்தது. அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்து, "சத்தம் வரக்கூடாது" என்றார்.

எங்கள் பக்கம் ஒப்பாரியில் எல்லாம் வந்துவிடும். போட்ட நகை, பத்தாது என்று கேட்ட நகை, மாமியார் சொன்ன சொல், மாப்பிள்ளை அடித்த அடி. வாசலில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். பிறகு போலீஸ் வரும், பேப்பரில் வரும். வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள் என்றார் அப்பா. அந்த இன்னொரு பெண் நான்.

அம்மா வாயை மூடினாள். அதன் பிறகு இரண்டு வருடமாக "சாப்பிடு", "பால் வந்துட்டு" என்பது போல ஒன்றிரண்டு சொற்கள்தான்.

பாட்டு வாரத்துக்கு என்னை எட்டு நாள் கூப்பிட்டார்கள். வசனமென்றால் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்துவிடலாம். பாட்டை அப்படிக் கொடுக்க முடியாது. பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி காமிராவுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். என் கையெழுத்தைக் கடையில் பார்த்திருந்தார்கள். குற்றாலலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து கேட்டதால் அப்பா சரி என்றார்.

வாயே திறக்க வேண்டாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாம் நாள் ஒப்பாரிக் காட்சி. செவந்தியின் பிணம் வீட்டுக்கு வந்த நாளை ஊர் நினைத்துப் பார்ப்பதாகக் கதை. நடிகை கிடைப்பாள், ஆனால் நெஞ்சில் அடிப்பதும் உடம்பு ஆடுவதும் பொய்யாகத் தெரியும் என்று டைரக்டர் நிஜமாகவே ஒப்பாரி பாடுகிறவளைக் கேட்டிருந்தார். சுடலைவடிவு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே குற்றாலலிங்கம் அண்ணாச்சியிடம், "மூணு மணிக்கு விட்ருங்க அண்ணாச்சி. கல்லிடைக்குறிச்சில ஒரு சாவு இருக்கு. அங்கன நிசமாவே செத்திருக்காவ" என்றாள்.

நான் அட்டையைப் பிடித்தேன். 'செவந்தியே என் செல்வமே' என்று ஆரம்பிக்கும் பாட்டு. அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தேன்.

"செவந்தி யாரு?" என்றாள்.

"கதையில செத்துப் போனவ" என்றார் டைரக்டர். அவர் சென்னைக்காரர்.

"கதையில செத்தவளுக்கு நான் எப்படி அழ? இந்த ஊர்ல உசிரோட எத்தன செவந்தி இருக்காளோ. நான் பேர் சொல்லி அழுதா அவளுக்கு ஆகாது. நிசமா செத்துப் போனவ பேரா ஒண்ணு குடுங்க."

"ஏ, சும்மா நடிப்புதானம்மா" என்றார் குற்றாலலிங்கம் அண்ணாச்சி.

"நீங்க வேணா நடிங்க. சேலை நான் தாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, எந்தப் பேர் வேணும்னாலும் வெச்சுக்கோங்க. பாட்டும் உங்க பாட்டே பாடுங்க. எனக்கு அழுகை வந்தா போதும்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே, நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

"யாராவது ஒரு பேர் சொல்லுங்கய்யா" என்று சுடலைவடிவு சுற்றிப் பார்த்தாள். லைட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தன் வீட்டுப் பெயரைக் கொடுக்க விரும்பவில்லை.

நான் சொன்னேன்.

"என்ன பிள்ள? வாய்க்குள்ளயே பேசுத?"

"உலகம்மை."

"யாரு உனக்கு?"

"அக்கா."

அவள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். எந்த ஊரில் கட்டிக் கொடுத்தது, எத்தனை நாள் வாழ்ந்தாள், பிள்ளை உண்டா, எப்படிப் போனாள் என்று வரிசையாகக் கேட்டாள். பிள்ளை வயிற்றில் நான்கு மாதம் என்றேன். ஸ்டவ் என்றேன். அவர்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது என்றேன். இதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சரி, போதும்" என்றாள்.

முற்றத்தில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டாள். நான் சவுண்ட்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். டேப் சுற்றியது.

தண்ணி மொண்டு வந்த கையி – என் உலகம்மா
தணலள்ளிப் போனதென்ன?
கேஸு அடுப்பு எரியும் வீட்டில் – உனக்கு
கெரசினு வந்ததென்ன?
ராதாபுரத்துப் பனை ஆயிரம் – அதிலொன்னு
நிழலு தரலையோ?
நாலு மாசத் தங்கத்த – நீ
நடுவழியில் விட்டாயோ?

பெயர் வரும்போதெல்லாம் டேப் ரெக்கார்டரில் இருந்த ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. சத்தம் பதிவாகிறது என்று அதற்கு அர்த்தம். அது எனக்குத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் டைரக்டர் "ஓகே" என்றார். சுடலைவடிவு எழுந்து நேராக வாய்க்காலுக்குப் போய்ச் சேலையோடு முழுகினாள். மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, "பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா பேரச் சொல்லி அழுதிருக்காவம்மா. டி.வி.யில வரும். அடுத்த செவ்வாய் இல்ல, அதுக்கடுத்த செவ்வாய்."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு அழுதா?"

"சுடலைவடிவுன்னு ஒருத்தி."

"ராதாபுரம்னு சொன்னாளா?"

"சொன்னா."

"கேஸ் அடுப்ப?"

"அதையும் சொன்னா."

"உங்கப்பாட்ட சொல்லிராத" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அம்மா பேசினாள். நெஞ்சில் அடித்து அழுதாளா என்று கேட்டாள். வயிற்றுப் பிள்ளையைச் சொன்னாளா என்று கேட்டாள். எத்தனை நாள் இருக்கிறது என்று தினமும் கேட்டாள். ஒரு நாள், "டி.வி.யில வந்தா ஊரெல்லாம் கேக்கும், என்னட்டி?" என்றாள். ஊரெல்லாம் கேட்கும், ஆனால் யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது, அது நாடகம் என்றேன். நான் யோசித்துவைத்திருந்தது அதைத்தான். அப்பாவால் டி.வி.யின் தோளைப் பிடிக்க முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா மத்தியானமே தலைக்குக் குளித்தாள். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா எல்லாருக்கும் முன்னால், டி.வி.க்குக் கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்தாள். கூந்தலை முடியாமல் விட்டிருந்தாள். காயட்டும் என்று விட்டிருப்பதாக மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் தான் வாங்கிய லஞ்சத்தை மைக்கில் பாடியபோது எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். போஸ்ட்மேன், பிரித்துப் படித்த கடிதங்களைப் பற்றிப் பாடினார். பிறகு முற்றம் வந்தது. சுடலைவடிவு உட்கார்ந்திருந்தாள். கூந்தலை அவிழ்த்தாள்.

புல்லாங்குழல் கேட்டது. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், மிக இனிமையாக, 'செவந்தியே என் செல்வமே' என்று பாடியது.

சுடலைவடிவின் வாய் உலகம்மா என்று திறந்தது. எனக்கு அது தெரிந்தது. கை நெஞ்சில் விழுந்தது, அந்தச் சத்தம் இல்லை. அவள் தலையைத் தூக்கி ராதாபுரம் என்று சொன்ன இடத்தில் புல்லாங்குழல் மட்டும் வந்தது. அதன் பிறகு அவளுடைய முதுகைத்தான் காட்டினார்கள்.

அம்மா அசையவில்லை. முதலில் இது வேறு பாட்டு, நம்முடையது பின்னால் வரும் என்று நினைத்திருக்க வேண்டும். சோப்பு விளம்பரம் வந்தது.

"இன்னும் இருக்கா?" என்று என்னிடம் பைய கேட்டாள்.

"இல்லம்மா."

அவள் முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டு அக்கா, "எம்புட்டு அழகாப் பாடுதா" என்றாள்.

மறுநாள் குற்றாலலிங்கம் அண்ணாச்சியிடம் போனேன். அவருக்கு நான் கேட்பது முதலில் புரியவே இல்லை.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பிள்ள, நீ சயின்ஸ் படிச்சவ. அங்கன எடுக்குத சத்தம் உதட்டுக்குச் சரி பாக்கத்தான். வண்டிச் சத்தம், காக்காச் சத்தம் எல்லாம் விழும்லா? எந்தப் படமானாலும் மெட்ராஸ்ல கொண்டு போய்த்தான் பேசுவாவ, பாடுவாவ. அதான் டைரக்டர் எந்தப் பேருன்னாலும் பாடுன்னாரு."

"அந்த டேப்?"

"அது மேலேயே அடுத்தத எடுத்திருப்பான்."

ஊசி அசைந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அங்கே நின்ற முப்பது பேருக்கும் தெரிந்த விஷயம் அது. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுடலைவடிவைத் தேடிப் போனேன். அவள் வீட்டு வாசலில் பேரனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம், ஆற்றங்கரைக்கு அம்மாவைக் கூட்டி வருகிறேன், அங்கே ஒரு தடவை பாடினால் போதும் என்றேன்.

"மாட்டேன் தாயி. ஒருத்திக்கு நான் ஒருக்காதான் அழுவேன். அழுது முழுகியாச்சு. மறுபடி அழுதா உங்க வீட்டுல இன்னொன்னு விழும்."

"அம்மா கேக்கலையே."

"நான் உங்கக்காளுக்கு அழுதேன். அவ கேட்டிருப்பா."

நான் போகாமல் நின்றேன். அவள் துண்டை உதறினாள்.

"நீ அழ வேண்டியதான? கூடப் பிறந்தவளுக்கு இந்தக் கட்டெல்லாம் கிடையாது. எத்தன தடவையும் அழலாம். பாட்டு மறந்துட்டா?"

"இல்ல."

"பெறகு என்ன? வாய் இல்லாத வீடா உங்க வீடு?"

பஸ்ஸில் வரும்போது எல்லா வரிகளையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். உட்காரவில்லை. என் முகத்தில் அம்மா எதைப் பார்த்தாளோ, அடுக்களை வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாயைத் திறந்தேன். தண்ணி மொண்டு வந்த கையி என்பதுதான் முதல் வரி. அது நாக்கில் இருந்தது.

அப்பா பேப்பருக்கு மேலாகப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில்ல இருந்து உன்னப் பாக்க வாராவ. கடைக்கு லீவு சொல்லிரு" என்றார்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா" என்றேன்.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.