சிரித்தால் வரும் வலி

மத்தியாஸ் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். வீட்டிலும் அவருக்கு வாய் ஓயாது. பூனையை ஏலம் விடுவார், பக்கத்து வீட்டு ரேடியோவை ஏலம் விடுவார், பாதிரியாரின் நீண்ட பிரசங்கத்தைக்கூட கூறுபோட்டு விற்றுவிடுவார். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் மனைவி ஜெபமணி மட்டும் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். மனுஷனுக்கு அது உள்ளூரச் சுட்டது. "அவளுக்கு நான் புளிச்சுப் போனேன்" என்று கரையில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார்.

ஜெபமணி தலையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்றவள். பிடரி வலிக்கிறது என்றால் சுமை என்றார்கள். கை மரத்துப்போகிறது என்றால் ஐஸ் என்றார்கள். மீன்காரி கை ஐஸில் மரக்காமல் வேறு எதில் மரக்கும்? அவளும் அப்படித்தான் நம்பினாள். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவிப் பார்த்தாள். தலைச்சுமையை விட்டு, ஆட்டோவில் மீன் கொண்டுபோய் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்றாள். வலி விடுவதாக இல்லை.

ஒரு நாள் கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கி வைத்தாள். கொப்புளம் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் கை வெந்ததே அவளுக்குத் தெரிந்தது. மத்தியாஸ் பயந்துபோய் அவளை நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனார்.

நரம்பு டாக்டர் சுபிதா அவசரப்படாதவர். "எப்பம்மா வலிக்கும்? சுமை எடுக்கும்போதா?"

"இல்ல டாக்டரே. இருமினா வலிக்கும், தும்மினா வலிக்கும்." ஜெபமணி கணவனை ஒரு தரம் பார்த்தாள். "சிரிச்சா பிடரி வெடிச்சுப் போற மாதிரி இருக்கும். பெறவு தன்னால அடங்கும்."

மத்தியாஸ் அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, எங்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நீரு வாய மூடிருவீரு. வீடு செத்த வீடு மாதிரி ஆயிரும். அடுக்களையில நின்னு எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

படுத்தால் வலி குறைகிறதா, முதுகில் ஊசி ஏதும் போட்டதுண்டா என்று டாக்டர் துருவிக் கேட்டார். மூளைக்கும் முதுகுக்கும் ஸ்கேன் எடுத்த பிறகே பேசினார்.

"சிறுமூளையோட அடிப்பக்கம் மண்டையோட்டு ஓட்டை வழியா கழுத்துக்குள்ள எறங்கியிருக்கு. அதனால தண்டுவடத்துக்குள்ள நீர் தேங்கி, கைக்குச் சூடு தெரியல்ல. சிலருக்கு முதுகுல நீர் கசிஞ்சும் மூளை இப்படி எறங்கும். அப்படின்னா கசிவை அடைச்சாப் போதும், மண்டையில கை வைக்கவே கூடாது. ஒங்களுக்குக் கசிவு இல்ல, இது பிறவியிலேயே உள்ளது. பின்மண்டையில கொஞ்சம் எலும்பு எடுத்து எடம் உண்டாக்கணும். சிரிச்சா வர்ற வலி பெரும்பாலும் போயிரும். கை முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன். இதுக்கு மேல கெடாமப் பாத்துக்கலாம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து மத்தியாஸ் பேச்சை அடக்கிக்கொண்டார். வருகிறவர்களிடமும் "சிரிக்கவச்சுப் போடாதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். தையல் ஆறி, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் மாறவில்லை. ஒரு மத்தியானம் ஜெபமணிக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு எலும்ப எடுத்தப்போ ஒம்ம நாக்கையும் அறுத்து எடுத்துட்டாவளா?"

"பயமாட்டு இருக்குட்டி. திரும்பவும் வலிச்சா?"

"வலிச்சா வலிக்கட்டும். எனக்கும் தெரியணும்லா? எதையாவது ஏலம் விடும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பூனைகூட அங்கே இல்லை. எழுந்து நின்று தன் நெஞ்சிலேயே கையை வைத்தார்.

"ஒரு கிழவன்! பல்லு ரெண்டு இல்ல, கொறட்ட உண்டு!" கரையில் கூவுவது போலவே கூவினார். "கேக்கதுக்கு ஆளுண்டா?"

"சும்மா தந்தாலும் வேண்டாம்" என்றாள் ஜெபமணி. சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. பழக்கத்தில் கை பிடரிக்குப் போய், தழும்பின் மேல் அப்படியே நின்றது. மத்தியாஸ் மூச்சுவிடாமல் பார்த்தார்.

அவள் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதேயும்" என்றாள். "இன்னும் கூறும்."